வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகும் விளக்குகள்

போன மாதம் தங்கையின் மகள் என்னைக் கொழும்பில் ஒரு காட்சிச்சாலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். புதிதாகத் திருத்தியிருக்கிறார்கள், உள்ளே நல்ல குளிர், பெரியம்மா ஒருநாளாவது வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டும் என்று அவளுக்குப் பிடிவாதம். போன இடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று நின்றது. மேலேயிருந்து வெளிச்சம் பாய்ச்சியிருந்தார்கள். விளக்குக்கே விளக்குப் பிடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கிட்டப் போய்க் கண்ணாடியில் மூக்கை வைத்தேன். உடனே ஒரு விசில் சத்தம். காவலுக்கு நின்ற பையன் ஓடிவந்தான்.

"அம்மா, தொட வேணாம்."

"தொடேல்லைத் தம்பி, மணந்து பாக்கிறன்."

அவன் தங்கையின் மகளைப் பார்த்தான். அவள் நிலத்தைப் பார்த்தாள். பிறகு வெளியே வந்ததும் எனக்கு நல்ல பேச்சு விழுந்தது. என்ன செய்வது, எண்ணெய் மணமில்லாத குத்துவிளக்கை நான் அதற்குமுன் கண்டதில்லை. காட்சிச்சாலை என்றால் எனக்கு முதலில் வருவது புளியும் சாம்பலும் போட்டு விளக்கிய பித்தளையின் மணம்தான். அதற்குப் பிறகுதான் வர்ணத்தின் மணம், கடதாசியின் மணம் எல்லாம்.

ஏனென்றால் நான் ஒரு காட்சிச்சாலையில் வேலை செய்தவள். சிரிக்காதீர்கள், உண்மைதான். திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகிற வழியில், கடலோடு ஒட்டிய ஓட்டுக் கட்டடம். ஒரு காலத்தில் கப்பல்காரரின் கயிறும் பாயும் வைத்த களஞ்சியம். வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது யாரோ ஓர் அதிகாரியின் மனைவி தான் கீறிய படங்களையும் விட்டுவிட்டுப் போயிருந்தார். எல்லாப் படத்திலும் அதே குடா, அதே விடியற்காலை, அதே ஒரு தோணி. அவற்றோடு எங்கள் ஊர்ச் சித்திர ஆசிரியர்கள் சிலரின் படங்களையும் சேர்த்து மாட்டி, வாசலில் 'சித்திரக்கூடம்' என்று எழுதிவிட்டார்கள். எழுபதுகளின் நடுவில் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். தட்டெழுத்துத் தெரியும் என்றுதான் எடுத்தார்கள். படம் கீறுவதில் என் திறமையைக் கேட்காதீர்கள். காகம் கீறினால் கத்தரிக்காய் வரும். கத்தரிக்காய் கீறினாலும் காகம் வராது.

கூடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் பாக்கியம் மிஸ். பள்ளிக்கூட ஆசிரியை வேலையை விட்டுவிட்டு, வீட்டார் எல்லோரும் தலையில் கைவைக்க, இதற்கு வந்தவர். ஒல்லி. நடந்தால் சேலை விசிறும். அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. சுவரில் படத்தை மாட்டிவிட்டுச் சும்மா இருந்தால் பல்லிதான் வந்து பார்க்கும், சனம் வரவேண்டுமானால் ஏதாவது நடக்கவேண்டும். ஆகவே ஏதாவது நடந்துகொண்டே இருந்தது. மாரிக்கு ஒரு நிகழ்ச்சி, கச்சான் காற்று வீசும் காலத்துக்கு இன்னொரு நிகழ்ச்சி. எங்கள் பக்கத்தில் வருடத்துக்கு அந்த இரண்டு காலங்கள்தானே.

மாரியில் பேச்சு. சுவரெல்லாம் ஈரம் ஊறிப் பூஞ்சணம் மணக்கும். பாக்கியம் மிஸ் முன்னால் நின்று வர்ணங்களைப் பற்றிப் பேசுவார். கூட்டம் சும்மா சொல்லக்கூடாது, நிறைய வரும். மழை விட்டதும் பாதிப்பேர் எழும்பிப் போய்விடுவார்கள். ஒருநாள் ஓரத்தில் ஒதுங்கிய ஒரு மீன்காரர், கூடையைப் பக்கத்தில் வைத்துவிட்டு முழுப் பேச்சையும் கேட்டார். முடிவில் எழும்பி, "மிஸ், நீலத்தைப் பற்றி இவ்வளவு சொன்னியள், இப்ப கடல் என்ன நிறம் எண்டு ஒருக்கா வெளியிலை வந்து பாருங்கோ" என்றார். எல்லோருமாகக் குடையோடு போய்ப் பார்த்தோம். சேற்று நிறம். மிஸ் அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் பிறகு அதிகம் பார்க்கவில்லை.

கச்சான் காலத்தில் பிள்ளைகளுக்கு விடுமுறை வகுப்பு. அந்தக் காற்று இருக்கிறதே, மேசையில் ஒரு துண்டுக் கடதாசி நிற்காது. கடற்கரையில் கல்லுப் பொறுக்கி வந்து நான்கு மூலைக்கும் வைத்துத்தான் பிள்ளைகள் கீறுவார்கள். கடதாசியும் சும்மா கிடைக்காது, சீனியே கூப்பனுக்கு வந்த காலம். துறைமுகத்தில் கழித்துவிட்ட பழைய கடல் வரைபடங்களைக் கேட்டு வாங்கி வந்து அவற்றின் பின்பக்கத்தில் கீறவிடுவோம். ஒரு பக்கம் கடலின் ஆழம், மறுபக்கம் யாரோ ஒரு பிள்ளையின் பூனை. ஒருமுறை பூசணிக்காயும் வாழைப்பழமும் தட்டில் அடுக்கி வைத்து, இதைப் பார்த்துக் கீறுங்கள் என்று சொல்லிவிட்டு, மிஸ்ஸும் நானும் தேத்தண்ணி குடிக்கப் போனோம். எங்கள் ஊர் மான்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும்தானே, கோட்டைப் பக்கமிருந்து இறங்கி வீதியில் மாடு மாதிரித் திரியும். திரும்பி வந்தால் பூசணிக்காய் மட்டும் கிடக்கிறது. வாழைப்பழத்தின் இடத்தில் மான் நிற்கிறது. பிள்ளைகள் ஒன்றும் பேசாமல் மானைக் கீறிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வருடத்து நல்ல படங்கள் எல்லாம் அவைதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான், ஓர் ஆகஸ்ட் விடுமுறைக்கு மிஸ்ஸுக்கு அந்த யோசனை வந்தது. "சனத்தின்ரை வீட்டிலை எவ்வளவு வடிவான சாமான் கிடக்கு. வீட்டுக்கு ஒண்டு கேட்டு வாங்கிக் காட்டுவம். பிள்ளையள் அதைப் பாத்துக் கீறட்டும். தங்கடை சாமான் நிக்குதெண்டால் சனமும் பாக்க வரும்" என்றார். நல்ல யோசனைதான். ஆனால் வீடு வீடாகப் போய்க் கேட்கிற வேலை என் தலையில் விழுந்தது.

கிண்ணியாவில் ஹனிபா நானா ஒரு சஹன் தந்தார். ஆறேழு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தட்டு, விளிம்பெல்லாம் கொடி வேலைப்பாடு. பாலையூற்றில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம், வீட்டுப் பீடத்துக்கு விரிக்கிற பின்னல் விரிப்புத் தந்தது. ஊருக்குள் பல வீடுகளில் குத்துவிளக்கு, வெற்றிலை வைக்கிற வட்டா, செம்பு. கடைசியாகச் சல்லி என்கிற மீனவக் கிராமத்துக்குப் போனேன். பஸ்ஸில் சாம்பல்தீவுப் பாலம் தாண்டி இறங்கினால் கருவாட்டு மணமே வழிகாட்டும். அங்கே செல்லமணி அக்கா வீட்டில் ஒரு விளக்கு இருக்கிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

செல்லமணி அக்கா கருவாடு காயவிட்டுக்கொண்டிருந்தார். கணவர் கடல் தொழில். விளக்கைக் காட்டினார். இரண்டு வயதுப் பிள்ளை உயரம், உச்சியில் அன்னம், ஒரு பக்க விளிம்பு நசுங்கி. பெரும் புயலில் கூரை விழுந்து நசுங்கியதாம். எனக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. ஆனால் கேட்டதும் அக்காவின் முகம் மாறியது.

"இதைத் தந்திட்டு வெள்ளிக்கிழமையிலை என்னத்தைப் பிள்ளை நான் கொளுத்திறது? மனிசன் கடலிலை. வெள்ளி விளக்கு வைக்காமல் நான் ஒருநாளும் விட்டதில்லை."

"வெள்ளி பின்னேரம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு முதல் வீட்டிலை நிக்கும் அக்கா. சனி காலமை திருப்பித் தாங்கோ."

"சத்தியமா?"

"சத்தியமா."

மிஸ்ஸிடம் கேட்காமல் சத்தியம் பண்ணிவிட்டேன். வயது அப்படி. முதல் வெள்ளி நானே விளக்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்க் கொடுத்தேன். கண்டக்டர் விளக்குக்கும் டிக்கட் கேட்டார். இடத்தைப் பிடித்தால் ஆள்தானாம்.

அவ்வளவோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சல்லிக்கு விளக்குப் போகுதாம் என்ற கதை ஊருக்குள் பரவிவிட்டது. அடுத்த வெள்ளி, ஊருக்குள் விளக்குத் தந்தவர்கள் எல்லோரும் வாசலில் நிற்கிறார்கள். "அவைக்கு மட்டுமோ வெள்ளிக்கிழமை?" நியாயமான கேள்வி. கொடுத்தோம். பிறகு பாலையூற்றுக்காரர், ஞாயிறு பூசைக்கு வீட்டுப் பீடம் வெறுமையாகக் கிடக்கலாமா என்று சனி பின்னேரம் விரிப்பை எடுத்துக்கொண்டு போனார்கள். ஹனிபா நானா மட்டும் விட்டுக்கொடுப்பாரா? மருமகன் வீட்டார் விருந்துக்கு வருகினம் என்று தோணியில் துறையைக் கடந்து வந்து சஹனைத் தலையில் வைத்துக்கொண்டு போனார். மறுநாள் நன்றாகத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்தார், உள்ளே கொஞ்சம் புரியாணியும் இருந்தது.

பாக்கியம் மிஸ்ஸுக்குத் தலையிடி. "இது காட்சிச்சாலையோ, அடைவுகடையோ?" என்று என்னைப் பார்த்துப் பாய்வார். ஆனால் அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார். போன சாமானின் இடத்தில், அதைப் பார்த்துப் பிள்ளைகள் கீறிய படத்தை நிறுத்திவைத்தார். பிள்ளைகள் சும்மா விடுவார்களா? படத்துக்குக் கீழே எழுதத் தொடங்கினார்கள். 'வீட்டுக்குப் போயிருக்கிறேன், நாளைக்கு வருவேன்.' 'விருந்து இருக்கிறது, சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.' ஒரு பெண்பிள்ளை கீறிய செல்லமணி அக்காவின் விளக்குக்குக் கால் இருந்தது, கையில் குடை இருந்தது. பஸ்ஸுக்குப் பார்த்துக்கொண்டு நின்றது. வெள்ளிக்கிழமைகளில் அந்தப் படங்களைப் பார்ப்பதற்கென்றே சனம் வந்தது என்றால் நம்புவீர்களா?

ஆனால் மேலே இருந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாதே. அவர்களுக்குத் தெரிந்தது, துறைமுகத்துக்குக் கிட்ட நல்ல ஓட்டுக் கட்டடம் ஒன்று படம் தொங்கவிட்டு வீணாகக் கிடக்கிறது என்பதுதான். கப்பலில் இறங்குகிற கோதுமை மா மூட்டை அடுக்க இடம் வேண்டும் என்று வேறொரு திணைக்களம் கேட்டிருந்தது. கூடத்தை நேரில் பார்த்து முடிவு சொல்லக் கொழும்பிலிருந்து ஒரு மேலதிகாரி வருகிறார் என்று தந்தி வந்தது. வருகிற நாள் வெள்ளிக்கிழமை.

மிஸ் தந்தியைப் படித்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை ஒரு சாமானும் வெளியிலை போகக் கூடாது."

"மிஸ், செல்லமணி அக்காவுக்கு நான் சொல்லிப்போட்டன்."

"நீர் சொன்னதுக்கு நான் என்ன செய்யிறது? அந்தாள் வரேக்கை மேசையெல்லாம் வெறுமையாக் கிடந்தால் கூடம் போச்சு. உமக்கும் வேலை இல்லை, எனக்கும் இல்லை. பிள்ளையள் எங்கை போய்க் கீறிறது?"

அவர் சொன்னதில் பிழையில்லை. நான் சொன்னதிலும் பிழையில்லை. அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காலையில் வந்து பார்த்துவிட்டால் பின்னேரம் விளக்கைக் கொடுத்துவிடலாம் என்று ஒரு நப்பாசை மட்டும் இருந்தது. தெரிந்த எல்லாச் சாமியையும் கும்பிட்டேன், தெரியாத சிலரையும்.

வெள்ளி காலை கூடம் கலியாண வீடு மாதிரி. வாசலில் கோலம், மிஸ் பட்டுச் சேலை, பிள்ளைகள் எண்ணெய் வைத்துத் தலை வாரி வரிசையில். பத்து மணிக்கு வரவேண்டியவர் பன்னிரண்டுக்கும் வரவில்லை. பிள்ளைகளுக்குப் பசி. பின்னேரமாகிறது, இன்னும் இல்லை. வழியில், கந்தளாயில், ஜீப் சூடாகி நின்றுவிட்டதாகப் பிறகு தெரிந்தது. அப்போது எங்களுக்கு யார் சொல்வது?

வெயில் தாழ, செல்லமணி அக்கா வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார். அவருக்குப் பின்னால் மற்ற விளக்குக்காரர், வட்டாவும் செம்பும் தந்தவர்கள், இன்னொரு விருந்துக்குச் சஹன் கேட்டு ஹனிபா நானா என்று ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். சத்தம் போட்டிருந்தாலாவது நானும் சத்தம் போட்டிருப்பேன். ஒருவரும் சத்தம் போடவில்லை. விஷயம் கேள்விப்பட்டிருந்தார்கள் போல. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மிஸ் மேசைகளுக்கு முன்னால் நின்றார்.

"பிள்ளை, நேரம் போகுது" என்றார் செல்லமணி அக்கா, மெதுவாக.

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ் என்னைப் பார்க்கவில்லை. அப்போது அக்கா மேசையின் கடைசியில் நின்ற சின்ன விளக்கைக் காட்டி, "இது ஆற்றை?" என்று கேட்டார். அது மிஸ்ஸின் வீட்டு விளக்கு. எல்லோரும் வாரா வாரம் கொண்டுபோக, பொறுப்பானவள் நானும் கொண்டுபோகலாமா என்று மிஸ் அதை ஒருநாளும் எடுத்துப் போனதில்லை.

"என்ரை" என்றார் மிஸ்.

"அப்ப உங்கடை வீட்டிலை?"

"அம்மா அகல் விளக்கோடை சமாளிக்கிறா."

"ஐயோ, பாவம் அந்த மனுசி" என்றார் அக்கா. குத்திச் சொல்லவில்லை, உண்மையாகவே இரக்கப்பட்டார். மிஸ்ஸின் வாய் கோணியது. அழப்போகிறாரோ என்று பயந்தேன். இல்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, செல்லமணி அக்காவின் விளக்கைத் தானே தூக்கிக் கொடுத்தார். பிறகு அடுத்தது, பிறகு அடுத்தது. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் ஓடி ஓடி அந்தந்த இடத்தில் பிள்ளைகளின் படங்களை நிறுத்தினேன்.

பாதி மேசை வெறுமையானபோது ஜீப் வந்து நின்றது.

இறங்கியவர் உயரமான மனிதர், கண்ணாடி, முகமெல்லாம் புழுதி. தமிழர்தான், யாழ்ப்பாணப் பக்கம். விளக்கும் கையுமாக எதிரே வந்த செல்லமணி அக்காவுக்கு வழி விட்டு, திரும்பி மிஸ்ஸைக் கேட்டார். "காட்சிச் சாமான் எங்கை போகுது?"

"வீட்டை, சேர்."

"என்னத்துக்கு?"

மிஸ் வாயெடுக்கும் முன், வெளியே போன செல்லமணி அக்கா அதே வேகத்தில் திரும்பி வந்தார். "பிள்ளை, பஸ் போட்டுது!" என்றார். அடுத்த பஸ் வரும்போது இருட்டிவிடும். சத்தியமும் போய்விடும். அந்த நேரத்தில் எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. மேலதிகாரியின் முன்னால் போய் நின்றேன்.

"சேர், விளக்கு வைக்கிற நேரத்துக்கு இது சல்லியிலை நிக்கவேணும். நான் சொல்லிப்போட்டன். உங்கடை ஜீப்பிலை கொண்டுபோய் விடலாமோ?"

மிஸ் கண்ணை மூடிக்கொண்டார். அந்த மனிதர் என்னைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், 'வீட்டுக்குப் போயிருக்கிறேன்' என்று மேசைகளில் நின்ற படங்களைப் பார்த்தார். பகல் முழுக்கக் கந்தளாயில் வெயிலில் நின்றவர், இனி என்ன வந்தாலும் பரவாயில்லை என்ற நிலையில் இருந்திருக்க வேண்டும். "ஏறுங்கோ" என்றார்.

மிச்சப்பேரை அவரவர் சாமானை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டு ஏறினோம். சாரதிக்குப் பக்கத்தில் அவர். பின்னால் மிஸ், நான், நடுவில் விளக்கை மடியில் இருத்திய செல்லமணி அக்கா. அந்தக் காலத்து உப்புவெளி றோட்டில் விளக்குத் துள்ளிய துள்ளலில் அன்னத்தின் மூக்கு என் தாடையில் இரண்டு தரம் இடித்தது. போய்ச் சேர்ந்தபோது கடலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. அக்கா கால் கழுவி, விளக்கை அதன் இடத்தில் நிறுத்தி, எண்ணெய் விட்டுத் திரி போட்டுக் கொளுத்தினார். அதிகாரி சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார்.

இந்த இடத்தில், தீபத்தைக் கண்டு அந்த மனிதரின் உள்ளம் உருகியது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவர் மூக்கை உறிஞ்சிக் குசினிப் பக்கம் பார்த்தார். பகல் சாப்பாடு இல்லாத மனிதர். அக்கா புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் பருப்பும் பரிமாறினார். அவர் தட்டைப் பார்த்தார்.

"மீன் இல்லையோ?"

"வெள்ளிக்கிழமையல்லோ சேர்."

"சல்லிக்கு வந்து மீன் தின்னாமல் போறதோ?" குரலில் அப்படி ஒரு சோகம்.

"நாளைக்கு மத்தியானம் நில்லுங்கோ. மனிசன் விடியக் கரைக்கு வந்திடும். பாரை வச்சுத் தாறன்" என்றார் அக்கா.

விடியவே கொழும்புக்குத் திரும்ப வேண்டிய மனிதர், ஜீப்பின் சூட்டை இன்னொருதரம் பார்க்க வேண்டும் என்று சாரதியிடம் சொன்னார். சாரதி சிரிக்காமல் தலையாட்டினான். அவனுக்கும் மீன் ஆசைதான் போல.

ஆக, சனிக்கிழமை காலை, பாரைக் குழம்பு கொதிக்கும்வரை பொழுது போகவேண்டுமே என்று அவர் எங்கள் கூடத்து வாசலில் கதிரை போட்டுப் பேப்பரும் வெறுந்தேத்தண்ணியுமாக இருந்தார். அந்த வாசலால்தான் எல்லாம் வரவேண்டும். முதலில் சைக்கிளில் ஒரு விளக்கு, கரியரில் பழைய சாரத் துணி சுற்றிக் கட்டியபடி. பிறகு ஒரு வட்டா, ஒரு செம்பு, இன்னும் இரண்டு விளக்கு. ஹனிபா நானா துறையைக் கடந்து சஹனைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார், வெயிலுக்கும் ஆயிற்றாம். ஒரு வீட்டில் தாய்க்குச் சுகமில்லை என்று மூன்று பிள்ளைகள் ஒரு விளக்கை ஆளுக்கொரு பாகமாகக் கழற்றிக் கொண்டுவந்தார்கள். சாம்பல்தீவு பஸ் கூடத்துக்கு முன்னாலேயே நின்றது. கண்டக்டர் இறங்கிச் செல்லமணி அக்காவின் விளக்கைப் பிடித்துக் கொடுத்தார். வந்தவர்கள் தங்கள் தங்கள் இடத்தில் சாமானை வைத்து, சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்து, பக்கத்து வீட்டுச் சாமானையும் ஒரு பார்வை பார்த்து, தேத்தண்ணி குடித்துக் கதைத்துக்கொண்டு நின்றார்கள். கூடமெல்லாம் எண்ணெய் மணமும் புளி போட்ட பித்தளை மணமும்.

அதிகாரி பேப்பரை மடித்துக் கனநேரமாகிவிட்டது. மிஸ்ஸைக் கூப்பிட்டார்.

"எல்லாம் வந்திட்டுதோ?"

"ஓம் சேர். எல்லாம்."

"ஒருத்தரும் கொண்டுபோய்க் கொண்டுவராமல் விட்டதில்லையோ?"

"இதுவரைக்கும் இல்லை, சேர்."

அவர் எழும்பி உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றினார். காலும் குடையுமாக நின்ற விளக்குப் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "மா மூட்டைக்கு வேறை இடம் பாக்கச் சொல்லுறன்" என்றார். அவ்வளவுதான். மீன் சாப்பிடப் போய்விட்டார். நான் கூடத்துக்குப் பின்பக்கம் ஓடிப்போய், சிரித்துக்கொண்டே அழுதேன். மிஸ்ஸும் அங்கே வந்தார், அதே வேலைக்கு.

அதற்குப் பிறகு சில ஆகஸ்ட்டுகள் நன்றாகவே போயின. வெள்ளி போவதும் சனி வருவதும் ஊருக்கே பழக்கமாகிவிட்டது. வெளியூரில் கலியாணமாகிப் போன பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால், சனி காலை கூடத்துக்கு வந்துதான் சிநேகிதரைச் சந்திப்பார்கள்.

இப்போது அங்கே கூடம் இல்லை. போன தடவை போனபோது அந்த இடத்தில் கம்பி வேலி நின்றது, உள்ளே என்ன என்று தெரியவில்லை. கிண்ணியாவுக்குப் பாலம் வந்துவிட்டது, சஹனைத் தலையில் வைத்துத் துறை கடக்க ஆளும் இல்லை, ஹனிபா நானாவும் இல்லை. மான்கள் நிற்கின்றன, வாழைப்பழம் கொடுத்தால் இன்னும் வாங்கும். பாக்கியம் மிஸ் அவுஸ்திரேலியாவில் மகளோடு. தொண்ணூறு தாண்டியும் தொலைபேசியில் என்னைத் திட்டுவதற்குக் குரல் இருக்கிறது. "நீர் அண்டைக்குச் சத்தியம் பண்ணாமல் இருந்திருந்தால்..." என்று தொடங்குவார், முடிக்கமாட்டார்.

கடைசி ஆகஸ்ட் எண்பதுகளின் தொடக்கத்தில் வந்தது. ஊரில் கதை சரியில்லை, கலவரம் என்றார்கள். கடைகள் நேரத்தோடு பூட்டின. சனம் தாழ்ந்த குரலில் பேசியது. அந்த வெள்ளிக்கிழமையும் வழக்கம்போல விளக்குகளைக் கொண்டு போனார்கள். மறுநாள் காலை நான் கூடத்தைத் திறந்து, மேசைகளைத் துடைத்து, கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டு வாசலில் நின்றேன். சைக்கிள் ஒன்றும் வரவில்லை. பஸ்ஸும் வரவில்லை. தண்ணீர் வற்றி இன்னொருமுறை ஊற்றினேன். மனதுக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

வெயில் ஏறிய பிறகு செல்லமணி அக்கா வந்தார். கையில் ஒன்றும் இல்லை. கால் முழங்கால் வரைக்கும் புழுதி.

"விளக்கைத் தாட்டுப்போட்டன் பிள்ளை" என்றார். "வளவுக்குள்ளை, கிடங்கு வெட்டி, ஆழமா. வீட்டிலை வச்சிருக்கவே பயமாக்கிடக்கு. றோட்டாலை கொண்டு வர ஏலுமே?"

"பரவாயில்லை அக்கா."

"ஒருத்தரும் வரமாட்டினம். நீங்கள் வாசலிலை பாத்துக்கொண்டு நிப்பியள் எண்டுதான் வந்தனான்."

அன்றைக்குப் பஸ் ஓடவில்லை. ஒருவரும் வரமாட்டார்கள் என்று சொல்வதற்காக அவர் சல்லியிலிருந்து நடந்து வந்திருந்தார்.